மூன்றாம் நாள் ரத்தம்

மூன்று நாள் பொய் சொல்ல ஒரு பாய், ஒரு செம்பு, ஒரு தட்டு போதும். நாச்சியாருக்கு அந்த மூன்றும் பின்சாய்ப்பில் தயாராக இருந்தன.

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள். விடிந்தும் விடியாமல் பால்காரர் கேன்களை இறக்கிவைத்துவிட்டுப் போன சத்தம் கேட்டதும், அவள் அடுக்களைக்குப் போகாமல் கொல்லைக் கதவை ஒட்டி நின்றுகொண்டாள். உள்ளே அத்தை அய்யம்மாள் பெரிய அடுப்பில் புளிய விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்தே.”

அய்யம்மாள் திரும்பவில்லை. “ஆயிட்டியா?”

“ம்.”

“கடியாரம் கணக்கா நாளுக்கு வந்துருதே உனக்கு. போ, போ. பால் மேல நெழல் விழாம அந்தச் சுவரோரமாப் போ.”

நாச்சியார் சுவரோரமாகப் போனாள். அவள் உடம்பில் ஒரு சொட்டு ரத்தமும் வந்திருக்கவில்லை. ஏழு மாதமாகவே வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவில் நாலு வீட்டில் பால்கோவா கிண்டுவார்கள். அய்யம்மாள் வீட்டுக் கோவாவுக்குக் கடைவீதியில் தனிப் பேர் உண்டு. கொதிக்கிற பாலில் சீனியைப் போட்டு, அடிப்பிடிக்காமல் ஒரு மணி நேரம் துடுப்பை வலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே துடுப்பு நாச்சியார் கைக்கு வந்துவிட்டது. தோள் வலிக்கும், முகம் வெந்துபோகும். ஆனாலும் பால் சுண்டிச் சுண்டி மணல் மணலாகத் திரள்கிற அந்த நேரத்தை அவள் விரும்பினாள். தூரமான பெண்ணின் மூச்சுக்காற்று பட்டாலே பால் திரிந்துபோகும் என்பது அய்யம்மாளின் சட்டம். மாதம் மூன்று நாள் துடுப்பு அய்யம்மாள் கைக்குப் போகும். நாச்சியார் சாய்ப்புக்குப் போவாள்.

சாய்ப்பு என்பது கொல்லைச் சுவரில் சாய்த்து இறக்கிய தகரக் கூரை. ஒரு பக்கம் ஓட்டை வாணலி, மறுபக்கம் விறகுக் கட்டு, நடுவில் ஒரு ஆள் படுக்க இடம். வாசல் மேற்கே பார்த்தது. மழைக்காலத்தில் மலை அங்கேயிருந்து தெரியாது. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சில காலைகளில் அந்த வெள்ளை வயல்களைத் தாண்டி, கொல்லை வேலி வரைக்கும் வந்து நின்று எட்டிப் பார்க்கும்.

தட்டு அலுமினியத் தட்டு. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: வெள்ளத்தாய்.

வெள்ளத்தாய் அய்யம்மாளின் மூத்த மகள். நாச்சியாருக்கு மதினி முறை. நாச்சியாரின் அப்பாவும் அய்யம்மாளும் மகாராஜபுரத்தில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். வெள்ளத்தாயை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்து மூன்று வருசம் குழந்தை இல்லை. மாதாமாதம் தூரமாகிறேன் என்று ஒதுங்கி உட்கார்ந்தவள், உண்மையில் ஆகவில்லை என்பதை மாமியார் ஒருநாள் கண்டுபிடித்தாள். துணியில் இருந்தது கோழி ரத்தம். பொய்க்காரி என்று பேர் கட்டி, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மாட்டுவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவள் இந்தச் சாய்ப்பில்தான் பாதி நாள் கிடந்தாள். எண்பத்திரண்டில் ஒரு ஆடி மாதம், தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாள். இருபத்திரண்டு வயசு.

நாச்சியாருக்கு அப்போது பன்னிரண்டு. லீவுக்கு வந்திருந்தபோது, சாய்ப்பு வாசலில் உட்கார்ந்து வெள்ளத்தாய் தாடையைத் தடவித் தடவிப் பார்த்து, இரண்டு நகத்துக்கு நடுவே முடியைப் பிடித்துப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறது. “கிட்ட வராதட்டி, தூரம்” என்றாள். பிறகு, “பொய்க்குத்தான் சொன்னேன், வா” என்று சிரித்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அந்த மடியின் சூடு பதினோரு வருசமாக நாச்சியாரின் முதுகில் இருந்தது.

இப்போது நாச்சியாருக்கும் தாடையில் அதே இடத்தில் முடி.

அவளும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஆரம்பிக்கவில்லை. கல்யாணமான முதல் வருசம் இரண்டரை மாதம் தள்ளிப்போனது. அய்யம்மாள் வாயெல்லாம் பல்லாக, தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு பொட்டணம் கோவா கொடுத்தாள். பிள்ளைக்குப் பேர்கூட வைத்துவிட்டாள். ஒருநாள் துடுப்பு வலித்துக்கொண்டிருக்கும்போதே நாச்சியாருக்குக் கால் வழியாக இறங்கியது. வாணலிப் பால் முழுவதையும் அய்யம்மாள் சாக்கடையில் கவிழ்த்தாள். திட்டவில்லை. அழவும் இல்லை. காலி வாணலியைப் பார்த்துக்கொண்டு பொழுது சாய்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க நாச்சியாரால் ஆகாது. மறுபடி தள்ளிப்போனபோது, நாள் வந்ததும் தானாகவே சாய்ப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். கறையில்லாத துணியை விடிகாலையில் சோப்புப் போட்டுக் கசக்கி, செம்பருத்திக்குப் பின்னால் காயப்போட்டாள். யாரும் நம்பிக்கை வைக்காமல் இருந்தால் போதும் என்றுதான் செய்தாள்.

ஆனால் சாய்ப்பில் அவள் தனியாக இல்லை. மத்தியான வெயில் தகரத்தில் சடசடக்கும்போது எதிர்ச் சுவரில் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தால் விறகு. பார்க்காமல் இருந்தால் வெள்ளத்தாய். நகத்தோடு நகம் உரசுகிற சின்னச் சத்தம் கேட்கும். தூரமாகாத இரண்டு பேரும், தூரமென்று ஒருவரையொருவர் தொடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“என்ன நாச்சியா, மறுபடியும் சாய்ப்பா?”

சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தின் தலை தெரிந்தது.

“ஆமாக்கா.”

“மூணு நாளைக்கு உங்க வீட்டுக் கோவா வெளங்காது. உங்க அத்தை கிண்டுனா சீனிக்குப் பதிலா வசவைல்லா அள்ளிப் போடுதா.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏ பரிபூரணம், ஓசியில நக்குற வாய்க்கு ருசி வேறயா?”

“இந்தத் தெருவுல ஓசிக்கு வசவு ஒண்ணுதான் கிடைக்கு, மதினி!” என்று கத்திவிட்டு, பரிபூரணம் குரலைத் தாழ்த்தினாள். “ஏட்டி, எம்புட்டு பெருத்துட்ட நீ? கழுத்தெல்லாம் அழுக்குக் கணக்காக் கறுத்துக் கெடக்கு. தேச்சுக் குளிக்கப்படாதா?”

“தேச்சா எரியுதுக்கா. போகல.”

“வெள்ளத்தாயிக்கும் இதே கழுத்துதான். இதே தாடைதான். கோடாங்கி சும்மாவா சொன்னான்?”

குறி சொல்கிற கோடாங்கி புரட்டாசியில் வந்து உடுக்கை அடித்தான். வெள்ளத்தாய் இந்தப் பிள்ளை மேல் இறங்கியிருக்கிறாள், வயிற்று வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள், யாரையும் உள்ளே விடமாட்டாள் என்றான். அய்யம்மாள் ஒரு சேவலும் புதுச் சேலையும் கிணற்றடியில் வைத்தாள். நாச்சியாரின் புருசன் சோலைச்சாமி அன்றைக்கு வீட்டில் நிற்காமல் மில்லுக்குப் போய்விட்டான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. நல்ல மனுசன். ஆனால் அக்காள் பேரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். மறுவாரம் அவனாகவே விசாரித்து, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா நாச்சியாரின் தாடையையும் கழுத்தையும் கை படாமல் பார்த்தார். எடை பார்த்தார். “பீரியட்ஸ் எப்படி? மாசா மாசம் வருதா?” என்றார்.

நாச்சியார் வாயைத் திறப்பதற்குள் அய்யம்மாள் முந்திக்கொண்டாள். “அதுல ஒரு கொறையும் இல்ல டாக்டரம்மா. ஆவணி பத்து, புரட்டாசி ஒம்பது. இனி ஐப்பசி எட்டு. எழுதி வச்சுக்கோங்க, நாள் தப்பாது.”

பேனா நின்றது. டாக்டரம்மா நாச்சியாரைப் பார்த்தார். “நிசமா?”

“வருது டாக்டர்.”

“சரியா வருதுன்னா இந்த முடியும் கறுப்பும் எதுக்குன்னு பாக்கணும். சினைப்பையில சின்னச் சின்னக் கொப்புளம் நெறைய இருந்தா, ஆம்பளைங்களுக்கு அதிகமாச் சுரக்கிற ஒரு சுரப்பு பொம்பளைங்களுக்கும் கூடிப்போகும். ரத்தத்துல ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா தெரியும். தூரமான ரெண்டாம் நாள், இல்லன்னா மூணாம் நாள் வந்து ரத்தம் குடுக்கணும். இந்த டெஸ்ட்டுக்கு நாள்தான் அளவுகோல். நாள் மாறினா கணக்கே மாறிரும்.” பிறகு கேட்டார். “உங்க வீட்டுல வேற யாருக்காவது இது மாதிரி இருந்திருக்கா?”

“இல்ல” என்றாள் அய்யம்மாள்.

சோலைச்சாமி அங்கிருந்தே மில்லுக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ‘இல்ல’ இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆளைப் போல உட்கார்ந்து வந்தது.

அந்த மூன்றாம் நாள்தான் ஐப்பசி பத்து. காலைத் தூறலில் அய்யம்மாள் நாச்சியாரை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றினாள். சீட்டில் பழைய பேப்பரை விரித்து, “இதுல உக்காரு” என்றுவிட்டு, தான் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். வலப்பக்கம் மலை வரிசை மேகத்துக்குள் முங்கி முங்கி எழுந்து கூடவே வந்தது. நாச்சியார் ஒரே ஒரு யோசனையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். சொல்லாவிட்டால் டெஸ்ட் பொய். சொன்னால், வெள்ளத்தாய் வந்த வண்டி.

லேப் டாக்டரம்மா இருந்த அதே கட்டடத்தில், மருந்துக் கடைக்கு மாடியில் இருந்தது. அய்யம்மாள் படியில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டாள். மேலே, கண்ணாடி போட்ட நாற்பது வயசு அம்மாள் ஒருத்தி, ரத்தக் குழாய்களை மிசினில் வைத்துச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தாள். பேர் வேதமணி. அறையில் ஒரு பிரிட்ஜ், ஒரு வேத வசனக் காலண்டர், மேசையில் ஐஸ் நிரப்பிய சிவப்புப் பிளாஸ்க்.

“அது மதுரைக்குப் போறது” என்றாள் வேதமணி, நாச்சியார் பிளாஸ்க்கைப் பார்ப்பதைக் கண்டு. “இந்த டெஸ்ட்டெல்லாம் இங்க கெடையாது. ரத்தத்தைச் சுத்தவிட்டு, மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை மட்டும் எடுத்து ஐசுல வச்சு பஸ்ல அனுப்புவேன். கண்டக்டர் அண்ணாச்சி பிள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி மடியில வச்சுக் கொண்டுபோவாரு. கையை நீட்டும்மா.”

ரப்பர் குழாயால் மேல்கையைக் கட்டினாள். நரம்பு புடைத்தது. பஞ்சில் ஸ்பிரிட் குளிர்ந்தது.

“கடைசியா எப்ப ஆச்சு?”

“முந்தாநேத்து.”

“அப்ப இன்னிக்கு மூணாம் நாள். போக்கு எப்படி? நெறையவா, கொஞ்சமா?”

நாச்சியார் மூன்று நாளும் எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது, எந்தப் பக்கமாய் நடக்க வேண்டும் என்று ஆயிரம் பேச்சுக் கேட்டிருக்கிறாள். அந்த ரத்தத்தைப் பற்றி யாரும் அவளைக் கேட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

“தெரியலக்கா” என்றாள்.

“தெரியலையா? துணி மாத்துறது நீயா, நானா?”

“வரலக்கா. வரவே இல்ல. ஏழு மாசமா வரல.”

ஊசி அந்தரத்தில் நின்றது. கீழே தெருவில் யாரோ பழம் கூவிக்கொண்டு போனார்கள். நாச்சியார் எல்லாவற்றையும் சொன்னாள். கவிழ்த்த பால், கறையில்லாத துணி, வெள்ளத்தாயின் தட்டு. வேதமணி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ரப்பரை அவிழ்த்தாள்.

“நான் மூணாம் நாள்னு எழுதி அனுப்பினா, மதுரையில இருக்கிறவங்க அதைத்தான் நம்புவாங்க. அந்த நம்பரைப் பாத்து டாக்டரம்மா மருந்து எழுதுவாங்க. உன் பொய்க்கு வைத்தியம் நடக்கும்மா. உனக்கு நடக்காது.”

“சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிருவாவக்கா. எங்க மதினியை அப்படித்தான்...”

“உங்க அத்தைகிட்ட நான் மூச்சு விட மாட்டேன். அது என் வேலை இல்ல. ஆனா டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லணும். எந்திரி. பின்படி வழியாப் போனா அவிய ரூம்பு.”

டாக்டரம்மா திட்டவில்லை. ஏதோ தொலைந்த சாவி கிடைத்ததுபோல, “அதானே” என்றார். மூத்திரத்தைச் சோதித்து வயிற்றில் பிள்ளை இல்லை என்று பார்த்துவிட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். “இது முடிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள வரும். வந்ததும் மூணு நாளைக்குள்ள ஓடி வா. அதான் நெச நாள்.”

“வந்துருமா டாக்டர்?”

“வரும்.”

செத்துப்போன ஒருத்தி வருவாள் என்று சொன்னதுபோல இருந்தது நாச்சியாருக்கு.

கீழே காத்திருந்த அத்தையிடம், “ரத்தம் உறைஞ்சுபோச்சாம். மறுபடி எடுக்கணுமாம். அதுவரைக்கும் சத்து மாத்திரை குடுத்துருக்காவ” என்றாள்.

“பத்து லிட்டர் பாலை நான் ஒரு பொட்டு சிந்தாமக் காய்ச்சிருதேன். ஒரு ஊசி ரத்தம் எடுக்கத் தெரியல அவளுக்கு” என்றாள் அய்யம்மாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் நாச்சியார் துடுப்பு வலித்தாள், ஆனால் மனசெல்லாம் வயிற்றில் இருந்தது. வந்தால் மறைத்துவிடலாமா? மறைத்தால் அத்தைக்குத் தெரியாமல் எப்படி ராஜபாளையம் போவது? புருசனிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் சாப்பாடு போடும்போது, “மச்சான், ஒங்க அக்கா...” என்று ஆரம்பித்தாள். சோலைச்சாமி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டான்.

மாத்திரை முடிந்து ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்தது. கொல்லைக்குப் போகும்போதெல்லாம் சாய்ப்பைப் பார்த்தாள். வெற்றுச் சாய்ப்பில், பாயே விரிக்காத தரையில், யாரோ அவள் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

ஐப்பசி இருபத்திரண்டு. வாணலியில் பால் சுண்டி மஞ்சள் தட்டி, ஓரம் விட்டுச் சுருண்டு வந்த நேரம். இனித் துடுப்பை ஒரு நொடி நிறுத்தக் கூடாது. அப்போது அடிவயிற்றில் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல இருந்தது. சூடாக இறங்கியது. நாச்சியார் அதை முதலில் சந்தோசமாகத்தான் உணர்ந்தாள். அதற்கு அடுத்த மூச்சில்தான் பயம் வந்தது.

எதிரே அய்யம்மாள் பொட்டணத்துக்கு எண்ணெய்க் காகிதம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாச்சியார் துடுப்பை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“ஏட்டி! பிடிக்கப் போகுது, கிண்டு!”

“அத்தே, நான் தூரமாயிட்டேன்.”

அய்யம்மாள் பாய்ந்து துடுப்பைப் பிடித்தாள். வலித்துக்கொண்டே, “என்னட்டி ஒளறுத? பதினாலு நாள்தான ஆச்சு?” என்றாள்.

“அது பொய் அத்தே. இதுதான் நெசம்.”

“எது பொய்?”

“ஏழு மாசமும் பொய். எனக்கு வரல. டாக்டரம்மா மாத்திரை குடுத்து இப்பத்தான் வந்துருக்கு.”

துடுப்பு நின்றது. பால்கோவாவின் வாசனை மெல்ல மாறி, கசப்பு ஏறி, புகை கிளம்பியது. அந்த வீட்டில் அதுவரை கோவா அடிப்பிடித்ததில்லை. அய்யம்மாள் வாணலியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “துணி?”

“சும்மா துணியைத்தான் தொவச்சேன்.”

“எம்மவ கோழி ரத்தத்தைத் தடவுனா.” அய்யம்மாளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. “கோழி ரத்தம் ஒரு நாத்தம் நாறும். அதுலதான் மாட்டிக்கிட்டா. இங்க வந்தும் மாசா மாசம் சாய்ப்புல உக்காந்தாட்டி. நானும் தட்டுல சோத்தப் போட்டுத் தள்ளி வச்சேன். நெசமாத்தான் ஆயிருக்காளா, இங்கயும் பொய்தானான்னு ஒரு நாள் கிட்டப் போயிக் கேக்கல. தீட்டுன்னு தள்ளி நின்னுட்டேன். பொய்க்காரின்னு அவிய சொன்னாவ. நானும் நெனச்சுக்கிட்டேன்.”

நாச்சியார் கொல்லைக் கதவைத் தாண்டும்போது, “மழை சாரலடிக்கும். கோணியத் தொங்க விட்டுக்க” என்று பின்னாலிருந்து கேட்டது. திட்டு வரவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

சாயங்காலம் சோலைச்சாமி வந்த சத்தமும், அம்மாவும் மகனும் தணிந்த குரலில் பேசும் சத்தமும் கேட்டன. தகரப் பெட்டியை இழுப்பது போலவும் ஒரு சத்தம். நாச்சியார் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். “மதினி, எனக்கும் வண்டி வந்துட்டு” என்றாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அய்யம்மாள் சாய்ப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் பெட்டியிலிருந்து எடுத்த சேலை.

“எந்திரிச்சு இதை உடுத்து. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

நாச்சியார் சேலையை வாங்கவில்லை. “மகாராஜபுரத்துக்கா அத்தே?”

“அங்க எதுக்கு? உங்கப்பன் அங்க ஆஸ்பத்திரியா வச்சுருக்கான்? ராசபாளையத்துக்கு. இன்னிக்கு மூணாம் நாள்லா?”

பஸ்ஸில் அய்யம்மாள் பேப்பர் விரிக்கவில்லை. நாச்சியாரை ஜன்னலோரம் தள்ளி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது தோளும் தோளும் இடித்தன. அய்யம்மாள் விலகிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை மாடிப்படியும் ஏறினாள். வேதமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் தடவை பார்ப்பவளைப் போல, “பேரு? எத்தனாவது நாள்?” என்று கேட்டாள்.

“மூணாம் நாள்.”

“போக்கு?”

“நெறையக்கா” என்றாள் நாச்சியார். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாயில் ஏறுவதை அய்யம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, ஒண்ணு எழுதிக்கணும்” என்றாள் வேதமணியிடம். “வீட்டுல யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டரம்மா கேட்டாவ. நான் இல்லன்னு சொன்னேன். இருந்துச்சு. எம்மவ. வெள்ளத்தாயின்னு போட்டுக்கோங்க.”

“இப்ப அவங்க எங்க இருக்காங்கம்மா?”

“வீட்டுலதான் இருக்கா” என்றாள் அய்யம்மாள்.

வேதமணியின் பேனா அசையவில்லை. “இறந்துட்டாவக்கா. பதினோரு வருசமாச்சு” என்றாள் நாச்சியார் மெதுவாக. வேதமணி எழுதினாள். தெளிந்த நீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, ஐஸுக்குள் புதைத்து மூடினாள். அந்தக் காகிதம் மடிக்கப்பட்டு பிளாஸ்க்கோடு மதுரைக்குப் போனது.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டாக்டரம்மா விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினார். மூளைக்கு அடியிலிருந்து சினைப்பைக்கு வருகிற இரண்டு சுரப்பில் ஒன்று கூடிவிட்டது, ஆண் சுரப்பும் ஏறியிருக்கிறது, அதனால் முட்டை முழுசாக வளராமல் பாதியில் நின்றுவிடுகிறது. “இது பேயும் இல்ல, பாவமும் இல்ல. கொஞ்சம் எடை கொறைக்கணும். தெனம் ஒரு மணி நேரம் நடக்கணும். கோவாவை ருசி பாக்கிறதை விட்டுரணும். மாசம் தவறாம வர மாத்திரை இருக்கு. குழந்தைக்கும் மாத்திரை இருக்கு. உறுதி சொல்ல மாட்டேன். ஆனா நெறையப் பேருக்குத் தங்கியிருக்கு.”

“எம்மவளுக்கும் இதுதானா டாக்டரம்மா?”

“பாக்காமச் சொல்ல முடியாதும்மா. நீங்க சொல்றதப் பாத்தா, இருந்திருக்கலாம். குடும்பத்துல வர்றதுதான்.”

“யாரு வழியா வரும்?”

டாக்டரம்மா இருவர் முகத்தையும் பார்த்தார். அத்தையும் மருமகளும் ஒரே மூக்கும் ஒரே நெற்றியுமாக எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அய்யம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“இந்த மாத்திரை அப்ப இருந்துச்சா? எண்பத்திரண்டுல?”

சன்னலுக்கு வெளியே மில் சங்கு ஊதி ஓய்ந்தது. டாக்டரம்மா காகிதத்தை மடித்துவைத்தார்.

“இருந்துச்சும்மா” என்றார்.

வீடு வந்ததும் அய்யம்மாள் சேலைகூட மாற்றவில்லை. அன்றைக்கு மத்தியானப் பால் வந்து இறங்கியிருந்தது. அடுப்பை மூட்டி, பாலை ஊற்றி, துடுப்பை நாச்சியார் கையில் கொடுத்தாள்.

“செத்த நேரம் இருந்துட்டு வாரேன். கையெடுக்காமக் கிண்டு.”

“சாப்பிடலையே அத்தே?”

“இதுல வையி.”

அவள் நீட்டியது வெள்ளத்தாயின் தட்டு. நாச்சியார் சோறு போட்டாள். அய்யம்மாள் தட்டோடு கொல்லைக் கதவைத் தாண்டினாள். மழை விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளை, வேலியைத் தாண்டிச் சாய்ப்பு வாசலில் நின்றது. அதற்குள் நுழைந்தவளின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது.

பால் பொங்கி, அடங்கி, சுண்டத் தொடங்கியது. பரிபூரணம் சுவருக்கு மேல் தலையை நீட்டி ஏதோ கேட்க வாயெடுத்து, சாய்ப்புப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாச்சியார் துடுப்பை வலித்துக்கொண்டே காதைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம். பிறகு அய்யம்மாளின் குரல், பிள்ளைத்தாய்ச்சியிடம் பேசுகிறதுபோல அவ்வளவு மெதுவாக:

“நெசமா வந்தப்ப எப்படிட்டி இருந்துச்சு? நெறையவா, கொஞ்சமா?”

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். நாச்சியாரும் துடுப்பின் சத்தத்தை அமர்த்திக்கொண்டாள், பதில் கேட்கட்டும் என்று.